இருபத்து மூன்றாம் பக்கம்

செவ்வாய்க்கிழமை. காலை 10:17.

இருபத்திரண்டாம் பக்கத்துக்கு அடுத்து இருபத்து நான்காம் பக்கம் இருந்தது.

சிஸ்டர் கெருபோ விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

“டாக்டர், இருபத்து மூணு எங்கே?”

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் போசிபோரி பாதி எழுந்துவிட்டாள். “இருக்கும் சிஸ்டர். நல்லாப் பாருங்க.”

“முப்பது வருஷமா தியேட்டர்ல ஊசியும் பஞ்சும் எண்ணுறவ நான். எனக்கு எண்ணத் தெரியும்மா.”

மரிந்தி கவுண்டி அரசு மருத்துவமனையின் கூட்ட அறை. வெளியே காலையிலிருந்து விடாத மழை. மேஜையில் தேநீர் ஃபிளாஸ்க், எண்ணெயில் பொரித்த மண்டாசி ஒரு தட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், இரண்டு டெண்டர்கள். அடுத்த மூன்று வருடங்களுக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு மயக்க மருந்து நிபுணர்களை அனுப்பப்போவது யார் என்பதற்கான டெண்டர்கள். ஒன்று, மூன்று வருடமாக அந்த வேலையைக் கையில் வைத்திருக்கும் நைரோபி கம்பெனியுடையது. இன்னொன்று, இதே ஊரில் வீடு வைத்து, தனியார் தியேட்டர்களில் மயக்க மருந்து கொடுக்கும் போசிபோரியும் அவளுடைய கூட்டாளி டாக்டரும் போட்டது.

விதி கறாரானது. டெண்டர் போடுகிறவரே ஒவ்வொரு பக்கத்துக்கும் கையால் எண் இட வேண்டும். ஒரு எண் குறைந்தாலும் மொத்தமும் தள்ளுபடி. அதிலும் இருபத்து மூன்று சாதாரணப் பக்கம் அல்ல. கூட்டாளி டாக்டரின் இந்த வருடத்து லைசென்ஸ். அது இல்லாவிட்டால் போசிபோரி தனி ஆள். தனி ஆளுக்கு ஒப்பந்தம் கிடையாது.

கம்பெனியின் பிரதிநிதி கிதெங்கி மண்டாசியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: “எத்தனை சொட்டு மருந்துன்னு எண்ணிப் போடுற டாக்டரு, பக்கத்த எண்ண மறந்துட்டாங்களே!”

இரண்டு பேர் சிரித்தார்கள். போசிபோரி சிரிக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை பகலில், பிரசவத்துக்கு வந்த இருபது வயதுப் பெண் ஒருத்தி தியேட்டர் மேஜையில் இறந்து போனாள். அறுவைக்கு ஆள் இருந்தது. மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. போசிபோரி அப்போது பத்து நிமிட நடையில் சந்தையில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட முடியாது. ஒப்பந்தப்படி கம்பெனி டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும். அந்த மாலையே அவள் டெண்டர் விண்ணப்பம் வாங்கினாள்.

“நான் நாற்பத்தொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டேன். நேத்து கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி மூணு தரம் எண்ணினேன்.”

டெண்டர் திறக்கும் குழுவின் தலைவி என்ற முறையில் கெருபோ சொன்னார்: “கவர் ஒட்டினபடியேதான் இருந்துச்சு. உன் கையெழுத்தும் அது மேல அப்படியே இருந்துச்சு. எல்லாரும் பார்த்தோம். ஒரு மணிக்குள்ள மினிட்ஸ்ல கையெழுத்துப் போட்டாகணும். நாற்பது பக்கம்னுதான் எழுத முடியும்.”

10:25. போசிபோரி கைப்பேசியை எடுத்துச் சாலைக்கு எதிரே இருந்த காவல் நிலையத்தைக் கூப்பிட்டாள்.

“ஒரு தாளுக்குப் போலீஸா?” என்றார் சூப்பரிண்டெண்ட் டாக்டர் ஒப்வோச்சா. குரலில் எரிச்சலா பயமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

காலை 10:45.

இன்ஸ்பெக்டர் நசியெக்கு குடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள். ஆறடி உயரம். வடக்கே வறண்ட சம்புரு வட்டாரத்துக்காரி.

“வாங்க மேடம். உங்க ஊர்ல இந்த மழையை அஞ்சு வருஷத்துக்கு வச்சுக் குடிப்பீங்க” என்றார் ஒப்வோச்சா.

“கொடுத்தா கொண்டு போறேன் டாக்டர். இப்போதைக்கு அந்தக் கவரைக் கொடுங்க.”

கவர் இல்லை.

கம்பெனியின் கவர் ஃபைலில் ஒழுங்காகக் கோர்க்கப்பட்டிருந்தது. போசிபோரியுடையது மட்டும் காணோம்.

“கவரையும் ஃபைல்ல வைக்கணும்ல?”

“வைக்கணும் மேடம்” என்றார் காலையில் இரண்டு கவரையும் கத்தியால் திறந்த கொள்முதல் அதிகாரி ரத்தேமோ. ஐம்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். சாம்பல் நிற சூட். “டீ வந்த சமயம் யாராவது தூக்கிப் போட்டிருப்பாங்க.” சொல்லிக்கொண்டே குனிந்து தரையில் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்து டப்பாவில் போட்டார்.

கிளார்க் கெமுன்தோ குப்பைக் கூடையைக் கிளறினாள். வாழைப்பழத் தோல்களுக்கு அடியில் கிடைத்தது. தடித்த பழுப்புக் கவர். பக்கவாட்டில் கத்தியால் கிழித்துத் திறந்திருந்தது. மூடிய வாய் மூடியபடியே. வாயின் குறுக்கே வெளிர் மஞ்சள் டேப், அதில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள், டேப்பிலும் கவரிலும் சேர்ந்து விழும்படி போசிபோரியின் நீலக் கையெழுத்து.

நசியெக்கு கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். முடி அளவுகூட விலகவில்லை.

“இது என்ன டேப்?”

“தியேட்டர் டேப்” என்றாள் போசிபோரி. “நேத்து மழையில கடை எல்லாம் அடைச்சிருந்துச்சு. சிஸ்டர்கிட்ட வாங்கி ஒட்டினேன்.”

“புது ரோலைப் பிரிச்சுக் கொடுத்தேன்” என்றார் கெருபோ. “ஒரு நன்றி கிடையாது. மூணு வாரமா என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா. ஏன் அன்னிக்கு என்னைக் கூப்பிடலைன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாளே, நானா சட்டம் போட்டேன்?”

போசிபோரி ஜன்னலைப் பார்த்தாள்.

“காலையில திறந்தது அப்புறம். ராத்திரி இது எங்கே இருந்துச்சு?”

பதில் சொன்னது ரத்தேமோ. “டெண்டர் பெட்டியோட வாய்ல நுழையலை மேடம், ரொம்பத் தடிமன். தடிமனான கவரை ரிஜிஸ்டர்ல ஏத்தி, ரெக்கார்டு ரூம் பீரோவுல வைக்கணும். நாலு பத்துக்குப் போசிபோரி டாக்டர் முன்னாடியே வச்சுப் பூட்டினேன்.”

“சாவி?”

“என்கிட்ட” என்றாள் கெமுன்தோ. “ஒரே சாவி. யார் கேட்டாலும் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். ஆறே முக்காலுக்குக் காசாளரோட பெட்டியில போட்டேன், அவரே பூட்டினார். காலையில எல்லார் முன்னாடியும்தான் வெளிய வந்துச்சு.”

சாவி ரிஜிஸ்டரில் திங்கள் மாலை நாலு பத்துக்குப் பிறகு மூன்றே வரிகள்.

ரத்தேமோ: 5:05 முதல் 5:35 வரை.
ஒப்வோச்சா: 5:40 முதல் 6:05 வரை.
கெருபோ: 6:15 முதல் 6:40 வரை.

“மூணு பேர்” என்றாள் நசியெக்கு. “உன்னையும் சேர்த்தா நாலு.”

கெமுன்தோ ரிஜிஸ்டரை மூடினாள். “நான் இங்க வந்து ரெண்டு வருஷம்தான் மேடம். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் தியேட்டர்ல கவுன் மடிச்சு, மூட்டை கட்டி, ஒட்டிக்கிட்டிருந்தேன். இந்தச் சாவியை நம்பித்தான் இந்த நாற்காலியைக் கொடுத்தாங்க. அதைக் கெடுத்துக்குவேனா?”

காலை 11:10. சூப்பரிண்டெண்டின் அறை.

“பீரோவுல என்ன வேலை டாக்டர்?”

“கட்டட வரைபடம். புது வார்டுக்கு.”

“வரைபடம் எவ்வளவு பெரிசு?”

“பெரிய உருளை. அதுக்குள்ள ஒரு கவரைச் சுருட்டி வைக்கலாமான்னு கேட்கிறீங்க. வைக்கலாம்.”

“கம்பெனிக்காரங்களோட நைவாஷா ஏரிக்கு விருந்துக்குப் போனீங்களாமே, போன மாசம்?”

ஒப்வோச்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போனேன். மீன் சாப்பிட்டேன். நான் சர்ஜன் மேடம், வாரத்துல நாலு நாள் கத்தி பிடிக்கிறவன். மயக்க மருந்து கொடுக்க யாரும் இல்லாம என் மேஜையிலதான் அந்தப் பொண்ணு செத்தா. அந்தக் கம்பெனி மறுபடி வரணும்னு நான் ஆசைப்படுவேனா?”

“ஆசைப்படலைன்னா மீன் எதுக்கு?”

ஒப்வோச்சா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

11:25. கொள்முதல் அறை.

அலமாரிகளில் ஃபைல்கள் சிப்பாய்கள் மாதிரி வரிசையில் நின்றன. மூலையில் சின்ன மேஜை, அதன்மேல் மடித்த கறுப்புத் துணி, இஸ்திரிப் பெட்டி. நசியெக்கு தன் சேறு படிந்த காலையும் ரத்தேமோவின் பேன்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

“பறந்து வந்தீங்களா சார்?”

ரத்தேமோ லேசாகச் சிரித்தார். “மோட்டார் சைக்கிள் டாக்ஸியிலதான் மேடம். இங்க வந்து தேய்ச்சுப் போட்டுக்குவேன். டெண்டர் திறக்கிற நாள்ல கசங்கின துணியோட உட்கார மாட்டேன்.”

“பீரோவுல?”

“போன டெண்டரோட மினிட்ஸை வைக்கப் போனேன்.”

“அரை மணி நேரமா?”

“தேதி வாரியா அடுக்கினேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரு துண்டுச் சீட்டைக்கூடக் கிழிச்சுப் போட்டதில்லை. ஆடிட்காரங்க என்னைப் பார்த்தா எழுந்து நிப்பாங்க.”

“தியேட்டர் பக்கம் போறதுண்டா?”

“அய்யோ!” கையை உதறினார். “மூணு வருஷமா தியேட்டருக்கு டாக்டர்களை வாங்கிப் போடுறவன் நான்தான். ஒரு நாள் உள்ளே கால் வச்சதில்லை. ரத்தத்தைப் பார்த்தா எனக்குத் தலை சுத்தும்.”

11:50. தியேட்டரை ஒட்டிய கிருமி நீக்க அறை.

ஆட்டோகிளேவ் ஆள் உயரத்துக்கு நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கெருபோ பேசிக்கொண்டே வேலை செய்தார். கவுன்களைத் துணியில் பொதிந்து, டேப்பைக் கிழித்து ஒட்டி, ஆவி பிடிக்கும் அந்த எந்திரத்துக்குள் அடுக்கினார். ரோல் மேஜைமேல் கிடந்தது. வெறும் வெளிர் மஞ்சள். உற்றுப் பார்த்தால் மட்டும் பால் நிறத்தில் மங்கலான சாய்கோடுகள். எதிர் அலமாரியில் தயாராக இருந்த மூட்டைகளின் டேப்பில் கோடுகள் கன்னங்கரேல்.

“பீரோவுக்கு எதுக்குப் போனீங்க சிஸ்டர்?”

“கையுறை சாம்பிள் பெட்டியை எடுக்க. எல்லா சாம்பிளும் அந்தப் பீரோவுலதான்.”

“பெட்டி பெரிசா?”

“உங்க தலை உள்ளே போகும்.”

“இங்கயும் ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கே?”

“கவுனை யாரு தேய்ப்பா, உங்க அம்மாவா?” கெருபோ கையை இடுப்பில் வைத்தார். “என்னைச் சந்தேகப்படுறியாம்மா? படு. அவ என் மேல கோபமா இருக்கா, நான் அவ மேல கோபமா இருக்கேன். ஆனா அவ ஊசி பிடிச்சா நோயாளி திரும்ப எழுந்திருப்பா. அது எனக்குத் தெரியும்.”

நசியெக்கு எதிர் அலமாரியையும் ரோலையும் இன்னொரு தரம் பார்த்தாள்.

“இந்த ரோலைக் கொஞ்சம் கடன் கொடுங்க.”

பகல் 12:30. கொள்முதல் அறை.

எல்லோரையும் அங்கேயே வரச் சொன்னாள். மினிட்ஸ் புத்தகம் கெருபோவின் அக்குளில் இருந்தது. இன்னும் அரை மணி நேரம்.

“நைரோபியில எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு” என்றார் கிதெங்கி.

“அஞ்சு மணி நேரப் பயணம் சார். ஏற்கெனவே போய்ச் சேர மாட்டீங்க. உட்காருங்க.”

நசியெக்கு புதுப் பழுப்புக் கவர் ஒன்றை மேஜையில் வைத்தாள். ரோலிலிருந்து ஒரு துண்டு கிழித்து அதன் வாயில் ஒட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் சொருகியை மாட்டினாள். கறுப்புத் துணியை டேப்பின்மேல் விரித்துச் சூடான பெட்டியை அழுத்தினாள். மழை மட்டும் தகரக் கூரையில் பேசியது.

துணியை விலக்கி, டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தாள். பசை இளகி, காகிதம் கிழியாமல், முழுசாக உரிந்து வந்தது. அதை அதே இடத்தில் மறுபடி வைத்து அழுத்தினாள்.

“கவர் திறந்தாச்சு, மூடியாச்சு. கையெழுத்து விலகலை. சரி, இப்போ கோட்டைப் பாருங்க.”

பால் நிறக் கோடுகள் கறுத்துப் போயிருந்தன.

போசிபோரியின் வாய் திறந்தது. “கடவுளே! நான் ஒட்டினப்போ கோடு கறுப்பா இல்லை. புது ரோல்!”

“புது ரோல்ல எப்படிக் கறுப்பு வரும்? சூடு பட்டாத்தான் கறுக்கும். மூட்டை எந்திரத்துக்குள்ள போயிட்டு வந்திருக்குன்னு தெரியறதுக்கான அடையாளம் அது” என்றார் கெருபோ.

“நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்? தினம் பார்க்கிற டேப்!” என்றாள் போசிபோரி.

“தினம் பார்க்கிறதாலதான் டாக்டர். உங்களுக்கும் சிஸ்டருக்கும் சூப்பரிண்டெண்டுக்கும் கறுப்புக் கோடுன்னா சுத்தமாயிருக்கு, நம்பலாம்னு அர்த்தம். வெளிர்க் கோடு கண்ணுல பட்டாத்தான் பதறுவீங்க. கறுப்பு உங்க கண்ணுக்குச் சரியாப் பட்டுச்சு. எனக்கு ரெண்டுமே புதுசு.”

அவள் மூன்று பேரையும் பார்த்தாள்.

“பீரோவைத் திறந்தது மூணு பேர். சர்ஜனுக்கு இந்த டேப் தெரியும். சிஸ்டருக்குத் தெரியும். சாவி வச்சிருக்கிற பொண்ணு ஆறு வருஷம் இதைத்தான் ஒட்டினா. இவங்கள்ல யார் கவரைத் திறக்க நினைச்சாலும் இந்த டேப்புக்குச் சூடு காட்ட மாட்டாங்க. கவரோட அடிப்பக்கத்தைத்தான் பிரிச்சிருப்பாங்க. சூடு காட்டினவருக்கு இது வெறும் டேப்.”

அறையில் எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின.

“தியேட்டருக்குள்ள ஒரு நாளும் கால் வைக்காத ஆள் ஒருத்தர்தான் இருக்கார்” என்றாள் நசியெக்கு. “ரத்தேமோ சார், துணியை எடுத்தப்போ கோடு கறுத்திருந்ததைப் பார்த்தீங்க, இல்லையா?”

ரத்தேமோவின் கை தானாகவே டையைச் சரி செய்தது. “எதை வச்சுச் சொல்றீங்க?”

“குண்டூசியைக்கூடப் பொறுக்கி வைக்கிறவர், டெண்டர் கவரைக் குப்பையில போட விடுவாரா? காலையில கவரைக் கிழிச்சது நீங்க. ஃபைல் போட வேண்டியதும் நீங்க. ஒரு கவர் ஃபைலுக்குப் போச்சு. இன்னொண்ணு எப்படி வாழைப்பழத் தோலுக்குக் கீழ போச்சு?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கறுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “துணிச் சாயம் ஒட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்.”

கிதெங்கி சட்டென்று எழுந்தார். “எங்க கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“கேட்கவே இல்லையே சார், உட்காருங்க.”

12:44.

“பக்கம் எங்கே?” என்றாள் நசியெக்கு. “நீங்க கிழிச்சிருக்க மாட்டீங்க. உங்களால முடியாது.”

கெமுன்தோ இரண்டடி முன்னால் வந்தாள்.

“மேல் தட்டுல கடைசி ஃபைல் மேடம். கம்பெனி டாக்டர்களோட வருகைப் பதிவு. அதை மட்டும் என்னைத் தொட விட மாட்டார்.”

“கெமுன்தோ!” என்றார் ரத்தேமோ.

“போதும் சார். ரெண்டு வருஷமா தொடாம இருந்தாச்சு.”

அவளே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தாள். ஃபைலின் கடைசியில், ஒழுங்காகத் துளையிட்டுக் கோர்க்கப்பட்டு, இருபத்து மூன்றாம் பக்கம் இருந்தது. மூலையில் போசிபோரியின் கையெழுத்தில் எண்.

கெருபோ மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்தார். நாற்பத்தொரு பக்கங்கள் என்று எழுதினார். பக்கம் கிடைத்த இடத்தையும் எழுதினார். இன்ஸ்பெக்டரை சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மணி 12:53.

“நீ போட்டியில இருக்கேம்மா” என்றார் போசிபோரியிடம். “இனிமே யார் ஜெயிச்சாலும், எண்ணித்தான் ஜெயிக்கணும்.”

போசிபோரி அவர் தோளைத் தொட்டாள்.

நசியெக்கு ஃபைலை மூடவில்லை. புரட்டிக்கொண்டே போனாள். கம்பெனி பணம் கேட்டு அனுப்பிய தாள்கள். எந்த டாக்டர் எந்த நாள் எந்த மணிக்குத் தியேட்டரில் இருந்தார் என்ற பதிவுகள். ஒவ்வொன்றின் கீழும், சரிபார்த்தேன் என்று ரத்தேமோவின் அழகான கையெழுத்து. மூன்று வருடம். ஒரு நாள்கூட விடுபடவில்லை.

“புது ஆட்கள் வந்தா, பழைய பதிவைத் தியேட்டர்க்காரங்களோட உட்கார்ந்து சரிபார்த்து ஒப்படைக்கணும். அப்படித்தானே?”

“ஆமா” என்றார் ஒப்வோச்சா. “நைவாஷாவிலயே ஒருத்தர் கேட்டார், ஒப்படைப்பு இல்லாமலே நீட்டிக்க முடியுமான்னு. எனக்கு அப்போ புரியலை.”

நசியெக்கு ஒரு தாளில் நின்றாள். அதைச் சத்தமில்லாமல் கெருபோவிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை. பகல் 2:10. மயக்க மருந்து நிபுணர் தியேட்டரில் ஆஜர். 4:30 வரை.

கெருபோ படித்தார். மறுபடி படித்தார். உதடு அசைந்தது.

“ரெண்டு பத்துக்கு நான் அந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வந்துக்கிட்டே இருக்கார், வந்துக்கிட்டே இருக்கார்னு போன்ல சொன்னாங்க. இதுல... இதுல நாலரை வரைக்கும் உள்ளே இருந்தாராமே!”

போசிபோரி அந்தத் தாளை வாங்கவில்லை. கெருபோவின் கையை வாங்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

நசியெக்கு நாற்காலியை இழுத்து ரத்தேமோவின் எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தச் சனிக்கிழமை யார் சார் வந்தது?”

ரத்தேமோ சுவரைப் பார்த்தார். ஃபைல்களைப் பார்த்தார். கடைசியில் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“யாரும் வரலை.”

நசியெக்கு ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள்.

“அதை எழுதிக் கொடுங்க.”